ரீல் மோவர்: வெட்டு அருமை, இடது பக்கத் திருகு கொடுமை

கையால் தள்ளிப் புல் வெட்டும் ரீல் மோவரைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். இப்போது எழுத வைத்தது அது சாணை பிடித்து வந்த கோலம். நாகர்கோவில் கோட்டாறில் ஒரு பட்டறையில் கொடுத்திருந்தேன். உருளையில் இருக்கும் கத்திகளை ஒவ்வொன்றாகக் கை கிரைண்டரில் தேய்த்துக் கொடுத்துவிட்டார்கள். தொட்டால் விரலை அறுக்கும், புல்லை மட்டும் வெட்டாது. சுற்றும் ஐந்து கத்திகளும் கீழே அசையாமல் கிடக்கும் பட்டைக் கத்தியை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை உரசியும் உரசாமலும் போக வேண்டும், கத்தரிக்கோலின் இரண்டு அலகு மாதிரி. ஓர் இடத்தில் முடியளவு பள்ளம் விழுந்தாலும் அங்கே புல் மடங்கிப் படுத்துவிடும்.

கடைசியில் நானே உட்கார்ந்தேன். ஆட்டோ ஸ்பேர்ஸ் கடையில் வால்வ் கிரைண்டிங் பேஸ்ட் என்ற தேய்ப்புப் பசையை வாங்கிக் கத்திகளில் தடவி, ஒரு பக்கச் சக்கரத்தைக் கழற்றி, உள்ளே இருக்கும் சின்னப் பல்சக்கரத்தை டிரில்லால் எதிர்த்திசையில் சுற்ற விட்டேன். கர்ரென்ற சத்தம் ஒரே சீராக வரும்வரை சுற்ற வேண்டும். அப்புறம் செய்தித்தாளைக் கிழித்து இடையில் நீட்டி, உருளையைக் கையால் மெதுவாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். இடது ஓரம், நடு, வலது ஓரம் மூன்றிலும் தாள் சுத்தமாக நறுக்குப்பட்டால் சரி.

இந்த மெஷினுக்கு எட்வின் பட்டிங் என்பவர் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கியது 1830இல். கம்பளித் துணியின் மேல் பிசிறை வெட்டும் ஆலை இயந்திரத்தைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை வந்தது. இன்றைக்கும் கோல்ஃப் மைதானத்தின் கிரீனில், அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையில், ஓடுவது அதே அமைப்புதான். அங்கே கத்தி கூடுதல், வெட்டும் உயரம் சுமார் 3 மில்லிமீட்டர். நான் துபாயில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் புல் வேலை பார்த்தவன். ஆகஸ்ட் மாதம் நள்ளிரவிலும் 30 டிகிரிக்குக் கீழே இறங்காத புழுக்கத்தில் கிரீனைக் காப்பாற்றுவதுதான் எங்கள் பிழைப்பு. வெயில் ஏறும் மாதங்களில் வெட்டும் உயரத்தைக் கொஞ்சம் கூட்டுவோம். விடியும் முன் நீளமான கம்பை வீசிப் புல் மேல் இருக்கும் பனியைத் தட்டிவிடுவோம். அது வெறும் பனி இல்லை. புல் நுனியிலிருந்து கசியும் சத்து நீரும் அதில் கலந்திருக்கும். பூஞ்சைக்கு அது விருந்து.

ராஜாக்கமங்கலத்தில் என் வீட்டு முற்றத்தில் இருப்பது செலக்‌ஷன் ஒன், அருகம்புல் சாதி. சித்திரை, வைகாசியில் இங்கே வெயிலைவிட ஈரக்காற்றுதான் எதிரி. பகலில் வேர்க்கும், சாயங்காலம் கோடைமழை கொட்டும், இரவு முழுக்கப் புல் காயாது. அப்படி ஒரு இரவு கழிந்த விடியலில் குனிந்து பார்த்தால் சில இடங்களில் இலை எண்ணெய் தேய்த்ததுபோல் கறுத்து, மேலே பஞ்சு பஞ்சாகப் படர்ந்திருக்கும். பித்தியம் என்ற நோய். ஈரத்தோடு அதன் மேல் மோவரை உருட்டினால் சக்கரம் போன தடத்திலேயே நோயும் போகும்.

இங்கேதான் ரீல் மோவர் என்னைக் கட்டிப்போட்டது. பிளேடு படுக்கையாகச் சுழலும் ரோட்டரி மெஷின் புல்லை அடித்துப் பிய்க்கும். நுனி நார் நாராகக் கிழிந்து இரண்டு நாளில் வெளுக்கும், அந்தக் காயத்தின் வழியே ஈரமும் போகும், பூஞ்சையும் நுழையும். ரீலில் வெட்டிய நுனியைக் கண்ணருகே வைத்துப் பாருங்கள், நேர்கோடு. வெயில் உச்சத்திலும் முற்றம் பச்சையாக நின்றது. தண்ணீரைச் சாயங்காலத்திலிருந்து விடியற்காலைக்கு மாற்றியதும் இதற்குக் காரணம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் பெரும்பங்கு இந்த வெட்டுக்குத்தான்.

இனி இடது பக்கத் திருகு. பட்டைக் கத்தியின் இடைவெளியைச் சரிசெய்ய இரண்டு பக்கமும் திருகு இருக்கிறது. வலது பக்கம் வைத்த இடத்தில் நிற்கிறது. இடது பக்கம் பாதி முற்றம் முடிவதற்குள் நெகிழ்ந்துவிடும். ஸ்பிரிங் வாஷர் போட்டாயிற்று, இரட்டை நட் போட்டாயிற்று. ஒவ்வொரு தடவையும் பாதியில் நின்று, கவிழ்த்து, தாள் வைத்துப் பார்த்து முறுக்க வேண்டியிருக்கிறது. இத்தனை விலை வைத்து விற்கும் சாமானில் ஒரு திருகு நிற்காதா? போதாக்குறைக்குக் கடல்காற்று. எண்ணெய் துடைக்காமல் ஒரு இரவு விட்டால் காலையில் கத்தியில் செம்புள்ளி.

மழையில் இதன் பாடு வேறு. நமக்கு ஆனி, ஆடிச் சாரலும் உண்டு, ஐப்பசி, கார்த்திகை மழையும் உண்டு. வளர்ந்த உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது என்பது கணக்கு. 20 மில்லிமீட்டரில் வைக்க வேண்டுமென்றால் 30 ஆவதற்குள் வெட்டியாக வேண்டும். அடைமழையில் அது எப்படி நடக்கும்? வளர்ந்த புல்லை இந்த மெஷின் சாய்த்துவிட்டுப் போகும். கோரையும் அருகம்புல்லின் கதிரும் தலை நிமிர்ந்து அப்படியே நிற்கும்.

தக்கலையில் வீடு கட்டியிருக்கும் என் சித்தப்பா மகன், "அண்ணே, வெல கொறஞ்சிருக்கு, வாங்கட்டுமா?" என்று கேட்டிருக்கிறான். தம்பி, வாங்காதே. நீ காலையில் ஆபீஸ் போகிறவன், உனக்கு ரோட்டரி போதும். பிளேடை மட்டும் அடிக்கடி தீட்டு. கேட்காமல் வாங்குவாய் என்றும் தெரியும். அப்படியானால் கடையிலேயே ஒரு தாளை இடது ஓரத்தில் நீட்டிப் பார். உருளையை நன்றாகச் சுற்றவிட்டு மறுபடியும் நீட்டிப் பார். இரண்டாவது தடவையும் நறுக்கினால் காசைக் கொடு.