பவுண்டன் தண்ணீருக்குப் பேனா மீட்டர்: ஆப்செட் அச்சகத்துக்கு வாங்கலாமா?

ஆப்செட் மெஷினில் பிளேட்டின் படமில்லாத இடத்தை ஈரமாக வைத்து மை ஒட்டாமல் பார்த்துக்கொள்வது பவுண்டன் தண்ணீர். அதையும் மீறி அங்கே மை ஒட்டி அழுக்காவதுதான் ஸ்கம். பிளேட்டில் ஸ்கம் பிடிக்கிறது என்று நமக்குத் தெரிந்த ஓர் ஆபரேட்டருக்குப் போன் போட்டால் வரும் பதில் அநேகமாக இதுதான்: "தண்ணியில இன்னும் ரெண்டு மூடி ஊத்துங்கண்ணே, சரியாயிடும்." எந்தக் கான்சன்ட்ரேட் (தண்ணீரில் கலக்கும் மருந்து) கேனின் மூடி, எத்தனை லிட்டருக்கு, போர் தண்ணீரா ஆர்.ஓ. தண்ணீரா, எதுவுமே அதில் இருக்காது. தொழிலை மறைக்கிறார் என்று அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் கைக்குப் பழகிப்போன ஒன்றை அடுத்தவருக்குச் சொல்ல, மூடியை விட்டால் வேறு அளவு அவரிடம் கிடையாது. சட்டைப் பையில் வைத்துக்கொள்ளும் பேனா மீட்டர் அந்த அளவைத் தருகிறது. அதற்காகவே வாங்கலாம். ஆனால் எதை வாங்குவது என்பதில் பலர் தவறிவிடுகிறார்கள்.

கடைகளில் இரண்டு வகை கிடைக்கின்றன. ஒன்று, தண்ணீரின் அமில, காரத் தன்மையை அளக்கும் பி.எச். பேனா. இன்னொன்று மின்கடத்துத்திறனை அளக்கும் இ.சி. பேனா. இதையே டி.டி.எஸ். மீட்டர் என்ற பெயரிலும் விற்கிறார்கள். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து வரும் மாடல் பார்க்க வசதியாக இருக்கும். ஆனால் பி.எச். கண்ணாடி முனைக்கு ஆயுள் ஒன்றிரண்டு வருடம்தான். முனையைக் கழற்றி மாற்ற முடியாத மாடல் என்றால், நன்றாக இருக்கும் இ.சி. பகுதியும் அதோடு சேர்ந்து குப்பைக்குப் போகும். தனித்தனியாக வாங்குவதே நல்லது. கையில் ஒன்றுக்குத்தான் காசு என்றால் முதலில் இ.சி. பேனா.

பி.எச். அல்லவா முக்கியம் என்று கேட்கலாம். 4.8 முதல் 5.3 வரை இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். 5.5-ஐத் தாண்டினால் படமில்லாத இடத்தில் கான்சன்ட்ரேட்டில் உள்ள கம் (பிசின்) சரியாக ஒட்டாது, பிளேட் அழுக்குப் பிடிக்கும். 4.5-க்குக் கீழே போனால் மை காய நேரமாகும், பிளேட்டில் படமும் சீக்கிரம் தேயும். இதெல்லாம் சரிதான். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இன்றைய கான்சன்ட்ரேட்களில் பி.எச். நகராமல் பிடித்துவைக்கும் பஃபர் கலந்திருக்கிறது. 2 சதவீதம் ஊற்றினாலும் 4 சதவீதம் ஊற்றினாலும் பி.எச். பேனா கிட்டத்தட்ட ஒரே எண்ணைத்தான் காட்டும். மருந்து இரண்டு மடங்கு விழுந்திருப்பது அதில் தெரியவே தெரியாது. இ.சி. அப்படியல்ல, ஊற்ற ஊற்ற நேர்கோட்டில் ஏறும்.

அதனால் இந்தப் பேனாவை வாங்கியதும் முதல் வேலை அட்டவணை போடுவது. மெஷினுக்கு ஊற்றும் அதே தண்ணீரில் 1 லிட்டர் எடுத்து, வெறும் தண்ணீரின் எண்ணை முதலில் குறிக்கவும். பிறகு ஊசி போடும் சிரிஞ்சால் 10 மில்லி கான்சன்ட்ரேட் விட்டுக் கலக்கி அளக்கவும். அதுதான் ஏறத்தாழ 1 சதவீதம். இன்னொரு 10, இன்னொரு 10 என்று 5 சதவீதம் வரை போகவும். உதாரணத்துக்கு, வெறும் தண்ணீர் 420 மைக்ரோ சீமென்ஸ் (இ.சி.யின் அலகு) காட்டி, ஒவ்வொரு சதவீதத்துக்கும் 320 ஏறினால், 3 சதவீதத்தில் 1380 வர வேண்டும். மெஷினின் தண்ணீர் டிரேயில் அளக்கும்போது 1060 காட்டினால் 2 சதவீதம்தான் இருக்கிறது. கலந்தது குறைவு, அல்லது யாரோ பாட்டிலில் வெறும் தண்ணீர் பிடித்து டிரேயில் ஊற்றியிருக்கிறார்கள். பெரும்பாலும் இரண்டாவதுதான். இந்த எண்கள் கான்சன்ட்ரேட்டுக்குக் கான்சன்ட்ரேட் மாறும், தண்ணீருக்குத் தண்ணீரும் மாறும். கோடை முற்றி போர் தண்ணீரில் உப்பு ஏறினாலோ, லாரித் தண்ணீருக்கு மாறினாலோ அட்டவணையைப் புதிதாகப் போட வேண்டும்.

ஐ.பி.ஏ. (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) ஊற்றும் மெஷின் என்றால் ஒரு வேலை கூடுதல். ஆல்கஹால் மின்கடத்துத்திறனைக் குறைத்துக் காட்டும். அதனால் அதே கலவையில் வழக்கமாக ஊற்றும் 8 அல்லது 10 சதவீத ஐ.பி.ஏ.வையும் விட்டு இன்னொரு வரிசை எண்களை எழுதிக்கொள்ளவும். இதில் ஒரு கண்ணி இருக்கிறது: மதியத்துக்குள் ஐ.பி.ஏ. ஆவியாகிப் போனால் இ.சி. தானாக ஏறும். தண்ணீர் கெட்டுவிட்டது என்று நினைத்துத் தொட்டியையே கொட்டிவிடுகிறவர்கள் உண்டு. ஹைட்ரோமீட்டர் விட்டு ஐ.பி.ஏ. அளவைப் பார்த்த பிறகு கொட்டலாம்.

வாங்கும்போது பெட்டியில் ஏ.டி.சி. என்று போட்டிருக்கிறதா பார்க்கவும். வெப்பநிலையைத் தானே சரிசெய்து 25 டிகிரிக்கான எண்ணைக் காட்டும் வசதி அது. ஒரு டிகிரிக்குச் சுமார் 2 சதவீதம் எண் மாறும். சில்லர் குளிரவைத்து 10 டிகிரியில் ஓடும் தண்ணீரில், ஏ.டி.சி. இல்லாத பேனா 1400 காட்ட வேண்டிய இடத்தில் 1000 பக்கம் காட்டும். மருந்து போதவில்லை என்று மேலும் ஊற்றி, அன்றைக்கு முழுவதும் மை காயாமல் அவதிப்பட வேண்டியதுதான்.

டி.டி.எஸ். என்று விற்கும் பேனாவில் இன்னொரு குழப்பம். அது அளப்பதும் இ.சி.தான். அதை ஒரு எண்ணால் பெருக்கி பி.பி.எம். ஆக்கிக் காட்டுகிறது. சில கம்பெனி 0.5-ஆல் பெருக்கும், சில கம்பெனி 0.7-ஆல். ஒரே தண்ணீர் ஒரு பேனாவில் 700, இன்னொன்றில் 980. உங்கள் எண்ணை இன்னொரு அச்சகத்துக்குச் சொல்லும்போது பி.பி.எம்.மில் சொன்னால் அவருக்குப் பயன்படாது. மைக்ரோ சீமென்ஸில் மாற்றி வைத்துக்கொள்ளவும். அந்த பட்டன் இல்லாத பேனாவை வாங்கவே வேண்டாம்.

இந்தப் பேனா சொல்லாத ஒன்று கடினத்தன்மை. 600 காட்டும் தண்ணீரில் இருப்பது கால்சியமா, சாதாரண உப்பா என்று அதற்குத் தெரியாது. அச்சுக்கு உகந்தது 8 முதல் 12 ஜெர்மன் டிகிரி, அதாவது கால்சியம் கார்பனேட் கணக்கில் லிட்டருக்கு 140 முதல் 215 மில்லிகிராம். இதற்குத் தனியாக டெஸ்ட் ஸ்ட்ரிப் வாங்க வேண்டும். சாஃப்ட்னர் மாட்டிய அச்சகங்களில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோடியத்தை வைக்கிறது. இ.சி. குறையவே குறையாது. மீட்டர் அப்படியே காட்டுகிறதே, சாஃப்ட்னர் வேலை செய்யவில்லை என்று சர்வீஸ் ஆளைக் கூப்பிடுவார்கள். ஆர்.ஓ. தண்ணீரில் நேர்மாறு. எண் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும், ஆனால் அவ்வளவு வெறுமையான தண்ணீர் ஆர்ட் பேப்பரின் பூச்சிலிருந்து கால்சியத்தை உறிஞ்சும், உலோகப் பாகங்களில் துருவையும் கொண்டுவரும். ஆர்.ஓ.வுக்கென்றே வரும் கான்சன்ட்ரேட்டைப் போட வேண்டும், அல்லது கொஞ்சம் சாதாரணத் தண்ணீர் கலக்க வேண்டும்.

கால்சியம் மிஞ்சினால் மை ரோலர் கண்ணாடிபோல வழவழப்பாகி மை பிடிக்காமல் போகும். மெஜந்தா யூனிட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அந்த மையின் வழக்கமான நிறமியே கால்சியம் உப்புதான்.

இனி பி.எச். பேனா. லிட்மஸ் தாளைவிட மேல் என்பதில் சந்தேகமில்லை. கான்சன்ட்ரேட்டிலேயே சாயம் இருப்பதால் தாளின் நிறத்தை நம்ப முடியாது. ஆனால் இது செல்லப்பிள்ளை. முனையிலுள்ள கண்ணாடிக் குமிழ் காய்ந்தால் எண் அலைபாயும். மூடியில் 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு கரைசல் நாலு சொட்டு எப்போதும் இருக்க வேண்டும். டிஸ்டில்டு வாட்டரில் ஊறப்போட்டால் முனை கெடும். வாரம் ஒருமுறை, பி.எச். இவ்வளவு என்று தெரிந்த பஃபர் கரைசலில், முதலில் 6.86-இலும் பிறகு 4.00-இலும் சரிபார்க்கவும். பவுடர் பாக்கெட்டை 250 மில்லி டிஸ்டில்டு வாட்டரில் கரைத்தால் போதும். கூடவே வரும் 9.18 பாக்கெட் நமக்கு வேண்டாம். குமிழில் மை படிந்தால் ஐ.பி.ஏ. நனைத்த பஞ்சால் ஒற்றி எடுக்கவும், தேய்த்தால் தொலைந்தது. இ.சி. பேனாவுக்கு இந்தப் பராமரிப்பெல்லாம் இல்லை: 1413 மைக்ரோ சீமென்ஸ் காட்ட வேண்டிய கரைசலில் மாதம் ஒருமுறை பார்த்தால் போதும், அளக்கும்போது முனைகளுக்கு நடுவே காற்றுக்குமிழி நிற்காமல் ஒரு தட்டு தட்டவும்.

காலையில் மெஷின் ஓட்டுவதற்கு முன், பம்ப் பத்து நிமிடம் சுற்றிய பிறகு, டிரேயிலிருந்து ஒரு டம்ளர் எடுத்து அளப்பது நல்ல பழக்கம். ஐ.பி.ஏ. சரியாக இருந்தும் புதுக்கலவையைவிட 500 முதல் 1000 வரை ஏறிவிட்டால் தொட்டியை மாற்றவும். ஆர்ட் பேப்பர் நிறைய ஓடிய நாளில் பி.எச்.சும் சேர்ந்தே ஏறியிருக்கும். மெஷின் பக்கவாட்டில் ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிட்டு இதை எழுதிவைத்தால் ஷிப்ட் மாறும் தம்பிக்கும் உதவும், ஆபரேட்டர் வேறு அச்சகத்துக்குப் போனாலும் எண் அங்கேயே இருக்கும்.

அடுத்தமுறை வெளியில் ஒருவரிடம் யோசனை கேட்கும்போது இதை மட்டும் சொல்லுங்கள்: வெறும் தண்ணீரின் இ.சி., கடினத்தன்மை, கான்சன்ட்ரேட் எது, எத்தனை சதவீதம், ஐ.பி.ஏ. எவ்வளவு, டிரேயில் இ.சி.யும் பி.எச்.சும், பேப்பர் எது, ஸ்கம் எந்த யூனிட்டில். உங்களிடம் ஒருவர் கேட்டாலும் மூடிக்கணக்கு சொல்வதற்கு முன் இந்த எண்களைக் கேளுங்கள்.