கான்வாஸா, ஃப்ரேமா? ஏழு வருடம் விற்றுப் பார்த்த கணக்கு

2018-ல் செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் ஒரு வீட்டின் வளவை, அதாவது உள்முற்றத்தை, எடுத்த படம்தான் நான் முதலில் விற்ற கான்வாஸ்: துணியில் அச்சடித்து மரக்கட்டையில் இழுத்து அடித்த படம். 12×18 அங்குலம். அச்சடித்துக் கொடுத்த லேபின் பில் 800 ரூபாய், நான் வைத்த விலை 1,200. கல்யாண போட்டோ எடுத்துக் கொண்டே பக்கத்தில் ஒரு வருமானம், ஒரு படத்துக்கு 400 ரூபாய் லாபம் என்று சந்தோஷப்பட்டேன்.

அந்த வருடமே பழைய வீட்டை விடுதியாக்கி நடத்தும் ஓர் இடத்தில் படங்களை மாட்டக் கேட்டார்கள். விற்றால் 35 சதவீதம் அவர்களுக்கு. சரி என்று விட்டேன். ஆறு படம் போன பிறகுதான் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். 1,200-ல் கமிஷன் 420. கையில் வந்தது 780. லேப் பில்லுக்கே 20 ரூபாய் குறைகிறது. கூரியர், பேக்கிங், காரைக்குடியிலிருந்து போய் வந்த பெட்ரோல் எதுவும் அதில் சேரவில்லை. விலையை லேப் பில்லிலிருந்து கட்டியதுதான் தப்பு.

அதன் பிறகு அதே படத்துக்குக் கணக்கை இப்படிப் போட்டேன். பிரிண்ட் 800, சென்னையிலிருந்து கூரியர் 90, அட்டைப் பெட்டியும் பபுள் ராப்பும் 110. கலர் திருத்தவும் பேக் செய்யவும் என் ஒரு மணி நேரத்துக்கு 300. ஆக 1,300. பத்தில் ஒன்று எப்படியும் அடிபடும் அல்லது திரும்பி வரும், அதற்கு 130. அடக்கம் 1,430. என் கைக்கு வரும் பணத்தில் 35 சதவீதம் லாபமாக நிற்க வேண்டும் என்றால் 1,430-ஐ 0.65-ஆல் வகுக்க வேண்டும்: 2,200. விடுதிக் கமிஷனுக்காக அதை மறுபடியும் 0.65-ஆல் வகுத்தால் 3,385. விலை 3,400.

ஏன் வகுக்க வேண்டும், கூட்டினால் போதாதா? நான் முதலில் கூட்டித்தான் பார்த்தேன். 2,200-உடன் 35 சதவீதம் சேர்த்தால் 2,970. அதிலிருந்து அவர்கள் 35 சதவீதம் எடுத்தால் மிஞ்சுவது 1,930. ஒரு படத்துக்கு 270 ரூபாய் சத்தமில்லாமல் போய்விடும். இன்னொன்று: என்னிடம் நேரில் வாங்கினாலும் அதே 3,400-தான். நான் குறைத்துக் கொடுத்தால், இடம் கொடுத்தவருக்குச் செய்யும் துரோகம் அது.

அப்படியும் சின்ன கான்வாஸ் எனக்குக் கட்டுப்படியாகவில்லை. கட்டையின் பக்கவாட்டிலும் பின்னாலும் மடித்து அடிக்க ஒவ்வொரு பக்கமும் இரண்டரை அங்குலம் துணி கூடுதலாக வேண்டும். 12×18 படத்துக்கு 17×23 துணி. ஒன்றரை சதுர அடி படத்துக்கு 2.7 சதுர அடிக்குப் பணம். 24×36-க்கு வந்தால் ஆறு சதுர அடிக்கு 8.3, கூடுதல் அவ்வளவு உறுத்தாது. அதனால் 2021-லிருந்து 24×36-க்குக் கீழே கான்வாஸ் போடுவதில்லை.

பெரிய கான்வாஸுக்கு நம் ஊர் வீடுகளில் ஒரு நல்ல காரணமும் இருக்கிறது. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவரில் ஆணி அடிக்க யாருக்கும் மனசு வராது, வரவும் கூடாது. கண்ணாடி போட்ட பெரிய ஃப்ரேம் கனம். கான்வாஸை மேலே உத்தரத்திலிருந்து கயிற்றில் தொங்க விடலாம்.

ஆனால் மழை. ஓர் ஐப்பசியில் 24×36 ஒன்று திரும்பி வந்தது. கீழ் மூலையில் துணி தொய்ந்து, படத்திலிருந்த ஆத்தங்குடித் தரைக்கல்லின் கோடுகள் அலை அலையாகத் தெரிந்தன. திருப்பிப் பார்த்தால் நீளக் கட்டை இரண்டும் உள்பக்கம் வளைந்திருந்தன. நடுவில் குறுக்குச் சட்டம் இல்லை, மூலையில் ஆப்பும் இல்லை. முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தேன். இப்போது குறுக்குச் சட்டமும், தட்டினால் துணி இறுகும் ஆப்பும் வைத்துத்தான் கேட்கிறேன். செலவு கூடும், அதை விலையில் ஏற்றிவிட்டேன்.

ஃப்ரேமுக்கு வருவோம். 12×18 பிரிண்ட்டைச் சுற்றி மூன்று அங்குலம் மவுண்ட், அதாவது அட்டை விளிம்பு, வைத்தால் 18×24. சுற்றளவு ஏழு அடிதானே என்று ஏழு அடிக்குக் கணக்குப் போட்டுப் போனேன். பிரேம் கடை அண்ணன் ஒரு துண்டை எடுத்து மூலையைச் சாய்வாக அறுத்துக் காட்டினார். கீழே விழுந்த முக்கோணத்தை என் உள்ளங்கையில் வைத்தார்.

"இது மாதிரி எட்டு விழும் தம்பி. கட்டை அகலம் ஒன்றரை அங்குலம், எட்டால பெருக்கிக்க. ஒரு அடி. எட்டு அடி போடு."

அன்றிலிருந்து சுற்றளவோடு கட்டையின் அகலத்தைப் போல் எட்டு மடங்கு சேர்த்துத்தான் கணக்கு.

ஃப்ரேம் போட்டதை இங்கே உள்ளூர்க்காரர்கள்தான் வாங்குகிறார்கள். வளவுச் சுவரில் முன்னால் சாய்த்து மாட்டிய தாத்தா படங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் படம் என்றால் சட்டமும் கண்ணாடியும்தான். பள்ளத்தூர் ஆச்சி ஒருவர், "துணியில போட்டா படம் மாதிரியா இருக்கு? சட்டம் போட்டுக் குடுப்பா" என்று நான்கு வாங்கினார், மகள்கள் நால்வருக்கும். வெளியூருக்கு அனுப்புவதுதான் சிக்கல். கூரியரில் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்து எடை போடுவார்கள். 70×100×10 பெட்டி என்றால், உள்ளே ஐந்து கிலோ இருந்தாலும் 14 கிலோவுக்குப் பணம். அதனால் கூரியர் செலவைத் தனியாகவே சொல்லிவிடுகிறேன்.

உண்மையில் எனக்குச் சோறு போட்டது இரண்டுமில்லை. 8×12 பிரிண்ட், மவுண்ட் மட்டும், பிளாஸ்டிக் உறையில். சுற்றுலா வருகிறவர் பெட்டியில் துணிக்கு நடுவே வைத்துக் கொண்டு போகிறார். உடையாது, வளையாது, திரும்பி வந்ததே இல்லை.

விலை ஏற்றியதும் முதல் நான்கு மாதம் விற்பனை பாதியானது, மறைக்க விரும்பவில்லை. ஆனாலும் மாதக் கடைசியில் மிஞ்சியது கூடியது. படம் எடுக்க விட்ட ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு ஃப்ரேம் கொடுக்கிறேன், அந்தச் செலவையும் விலைக்குள் சேர்க்க முடிந்தது அதனால்தான்.

இப்போது கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் போட்டு ஒரு 24×36 ஃப்ரேமை என் வீட்டு மேற்குச் சுவரில் மாட்டியிருக்கிறேன். கனம் பாதிதான், கீறல் மட்டும் சீக்கிரம் விழுகிறது. சித்திரை வெயிலைத் தாங்கிவிட்டது. கார்த்திகை முடிந்ததும் இறக்கி, பின்பக்க அட்டையைப் பிரித்துப் பார்த்த பிறகுதான் அதற்கு விலை வைப்பேன்.