டாக்டரைப் பார்க்கும் முன்பே 40,000 ரூபாய் போச்சு: கைனகோமாஸ்டியா ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் படிக்கவும்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறினால் வெட்கம் வந்து எழுத விடாது.

ஆண்களுக்கு மார்பு பெருக்கும் பிரச்சினைக்குத்தான் கைனகோமாஸ்டியா என்று பெயர். எனக்கு அது இருக்கிறது. டி-ஷர்ட்டை விட்டு லூசான சட்டைக்கு மாறி, குற்றாலம் போனால்கூடச் சட்டையோடு குளித்து, கடைசியில் ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்று முடிவெடுத்தேன். 40,000 ரூபாய் போனது ஆபரேஷனில்கூட இல்லை, முதல் கன்சல்டேஷனில்.

இடம் சென்னை. முடி, தோல், உடல் எடை என்று எல்லாவற்றுக்கும் பேக்கேஜ் போடுகிற, பல கிளைகள் உள்ள கிளினிக். நுகர்வோர் புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயரைப் போடவில்லை. இன்ஸ்டாகிராமில் 'முதல் ஆலோசனை இலவசம்' என்று விளம்பரம் பார்த்து நம்பரைக் கொடுத்தேன். உடனே போன், உடனே அப்பாயின்ட்மென்ட்.

ஒரு தாளில் எல்லாம் எழுதிக்கொண்டுதான் போனேன். எப்போது ஆரம்பித்தது, அழுத்தினால் வலிக்கிறதா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறேன், தழும்பு எங்கே வரும், எத்தனை நாள் லீவு போட வேண்டும். அந்தத் தாளை யாரும் கையில்கூட வாங்கவில்லை. வெள்ளைக் கோட் போட்ட ஒருவர் வந்தார். சட்டையைக் கழற்றச் சொல்லி, தன் சொந்த போனில் போட்டோ எடுத்தார். "கிரேடு டூ பிரதர். நிறைய பேர் இதை வெளியில சொல்லவே கூச்சப்படுவாங்க. நீங்க தைரியமா வந்திருக்கீங்க" என்றார்.

வீட்டில்கூடச் சொல்லாத விஷயம் இது. முதல் தடவையாக ஒரு மனிதர் சிரிக்காமல் காது கொடுத்துக் கேட்கிறார். அதற்கப்புறம் அவர் சொன்னதெல்லாம் வேத வாக்காகத் தெரிந்தது. சர்ஜன் சனிக்கிழமை மட்டும்தான் வருவாராம், ஸ்லாட் போய்விடுமாம், இன்றைக்கே புக் செய்தால் 1,20,000 ரூபாய் பேக்கேஜ் 85,000-க்குக் கிடைக்குமாம். "டாக்டர் வேண்டாம்னு சொன்னா பணம் திரும்ப வருமா?" என்று கேட்டேன். "ஷ்யூரா பிரதர்." ஜிபேயில் 40,000 ரூபாய் அனுப்பினேன். அவர் டாக்டர் இல்லை, 'கவுன்சலர்' என்பது ரசீதில்தான் தெரிந்தது. அழகுக்காகச் செய்கிற அறுவைக்கு ஜிஎஸ்டி உண்டு, ஆனால் அந்த ரசீதில் ஜிஎஸ்டி எண்கூட இல்லை.

மருத்துவமனையில் வேலை பார்க்கும் நண்பன் ஒருவன் திட்டியதால், சனிக்கிழமைக்கு முன் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் பிளாஸ்டிக் சர்ஜரி ஓபிக்குப் போனேன். வரிசை நீளம்தான். ஆனால் உள்ளே இருந்த டாக்டர் கேட்ட முதல் கேள்வியே "என்ன மாத்திரை சாப்பிடறீங்க?" என்பதுதான். முடி கொட்டுவதற்கு ஃபினாஸ்டரைட் சாப்பிடுவதைச் சொன்னேன். அந்த மாத்திரையால் சிலருக்கு மார்பு பெருக்கும் என்றார். காம்பைச் சுற்றி விரலால் அழுத்தி, இருப்பது சுரப்பியா வெறும் கொழுப்பா என்று பார்த்தார். விதைப்பையையும் பரிசோதித்தார், ஏனென்றால் அபூர்வமாக அங்கே இருக்கும் கட்டியாலும் இது வருமாம். டெஸ்டோஸ்டிரோன், எஸ்ட்ராடயால், ப்ரோலாக்டின் என்று ஹார்மோன் டெஸ்ட்கள், தைராய்டு, ஈரல் டெஸ்ட், ஒரு ஸ்கேன் என்று எழுதிக் கொடுத்தார். "காரணத்தை வச்சுக்கிட்டே வெட்டி எடுத்தா மறுபடி வரலாம். முதல்ல மாத்திரையை எழுதிக் கொடுத்த டாக்டரப் பாருங்க, நிறுத்திப் பாத்துட்டு வாங்க" என்றார். காசு வாங்காத இடத்தில் கிடைத்த கன்சல்டேஷன் இது.

சரி, கிளினிக்கில் 40,000 ரூபாயைத் திருப்பிக் கேட்போம் என்று போனேன். மேனேஜர் மீட்டிங்கில் இருக்கிறார். ஹெட் ஆபீஸுக்கு மெயில் போட்டிருக்கிறோம். அந்தக் கவுன்சலர் வேறு கிளைக்கு மாறிவிட்டார். ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் 'நான்-ரீஃபண்டபிள்' என்று இருக்கிறதே சார். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பெண் குரல் இனிமையாகச் சொன்னது: "சார், அந்த அமௌண்டுக்கு லேசர் சிட்டிங் எடுத்துக்கலாம். உங்களுக்கு வேண்டாம்னா மிஸஸுக்கு டிரான்ஸ்ஃபர் பண்ணித் தர்றோம்." எனக்குக் கல்யாணமே ஆகவில்லை! என் போட்டோக்களை அழித்துவிட்டீர்களா என்று கேட்டால் லைன் கட். பணத்தைவிட அந்தப் போட்டோ எந்த போனில் இருக்கிறது என்பதுதான் இப்போது தூக்கத்தைக் கெடுக்கிறது.

விவரமாக ஆலோசனை எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன், பொறுமை இல்லை. அவசரத்துக்கு இவ்வளவுதான்:

கத்தியைப் பிடிக்கப் போகிற டாக்டரே உங்களைத் தொட்டுப் பரிசோதிக்கும் வரை ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். டாக்டர் பெயரையும் பதிவு எண்ணையும் கேட்டு, தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் தளத்தில் தேடுங்கள். பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்சிஎச் அல்லது டிஎன்பி என்ற மேற்படிப்புப் பட்டம் இருக்கிறதா பாருங்கள். 'காஸ்மெட்டாலஜிஸ்ட்' என்று போர்டு மாட்டியிருப்பதால் சர்ஜன் ஆகிவிட மாட்டார். மாத்திரைப் பட்டியலை யாரும் கேட்காவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஆபரேஷன் எங்கே நடக்கும், மயக்க மருந்து கொடுப்பது யார் என்று கேளுங்கள். 2016-இல் இதே சென்னையில் முடி நடும் சிகிச்சைக்குப் போன ஒரு மருத்துவ மாணவரே இறந்துபோனார். எழுத்தில் சம்மதம் வாங்காமல் போட்டோ எடுக்க விடாதீர்கள். ரீஃபண்ட் பேச்சை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள்.

பணம் மாட்டிக்கொண்டவர்கள் 1915-க்குப் போன் செய்யுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண் அது. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை. என் 40,000 ரூபாய்க்கு 1915-இல் புகார் எண் வாங்கிவிட்டேன். கிளினிக்கிலிருந்து இன்று காலையும் ஒரு மெசேஜ் வந்தது. ரீஃபண்ட் பற்றி இல்லை, பொங்கல் ஆஃபராம்.