எங்கள் பிரதேச செயலகம்: கவுன்டருக்கு நாலு நட்சத்திரம், கொழும்புக்கு ஒன்று

பிரதேச செயலக வாசலுக்கு எதிரே போட்டோகொப்பி கடை வைத்திருக்கிறேன். விண்ணப்பம் நிரப்புவது, அடையாள அட்டைக்குப் படம் எடுப்பது, முத்திரை ஒட்டுவது எல்லாம் நம்ம வேலை. உள்ளே போய் வருகிறவர்களின் முகத்தைப் பார்த்தே காரியம் முடிந்ததா என்று சொல்லிவிடுவேன். இலங்கையின் நுவரெலியா மாவட்டம் என்பதோடு நிறுத்துகிறேன். ஊர் பெயர் போட்டால் கவுன்டரில் இருக்கிற பிள்ளைகளுக்குத்தான் ஏச்சு விழும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பதிவு விபரம் சரியாக இருந்தால் பிறப்புச் சான்றிதழ் பிரதி அன்றைக்கே கைக்கு வருகிறது. கவுன்டரில் தமிழ் பிள்ளை ஒன்று இருக்கிறது. அண்மையில் ஒரு அம்மா வந்தார். அடையாள அட்டையில் அவர் பெயர் லெட்சுமி, மகனின் பிறப்புப் பதிவில் லெச்சிமி. அந்தப் பிள்ளை அவரை விரட்டவில்லை. இரண்டு பெயரையும் பென்சிலால் வட்டம் போட்டுக் காட்டி, என்னென்ன வேண்டும் என்று ஒரு துண்டுத் தாளில் தமிழில் எழுதி, "எதிர்க் கடை அக்காகிட்ட போங்கம்மா, சத்தியக்கடதாசி அடிச்சுத் தருவாங்க" என்று என்னிடம் அனுப்பியது. முத்திரை குத்திக் கை தேய்ந்த அந்தப் பிள்ளைக்காகத்தான் நாலு நட்சத்திரம்.

அந்தப் பிள்ளை லீவு போட்டால் தமிழும் லீவுதான். 1999 இலேயே நுவரெலியா மாவட்டத்தில் சில பிரிவுகளை இருமொழி நிர்வாகப் பிரிவுகள் என்று வர்த்தமானியில் போட்டார்கள். எங்கள் செயலகத்தின் போர்டில் மூன்று மொழியும் அழகாக இருக்கிறது. வீட்டுக்கு வருகிற கடிதம் தனிச் சிங்களம். அதை வாசித்துக் காட்டுவதற்கு நான் காசு வாங்குவதில்லை.

வரிசை நீளம் என்று பலர் குறை சொல்கிறார்கள். நீளாமல் என்ன செய்யும்? 2012 கணக்கெடுப்பில் அம்பகமுவ பிரிவில் மட்டும் இரண்டு இலட்சத்துக்கு மேல் சனம். பொகவந்தலாவையில் பஸ் ஏறுகிற ஆள் நோர்வூட், ஹட்டன், வட்டவளை கடந்து, அந்தப் பிரிவின் செயலகம் இருக்கிற கினிகத்தேனை வரை போக வேண்டியிருந்தது. கொழுந்து எடுக்கிறவருக்கு அன்றைக்குப் பேர், அதாவது அந்த நாள் சம்பளம், போச்சு. அரைப் பேர்கூட விழாது. கையெழுத்துப் போடும் ஐயா கூட்டத்துக்குப் போயிருந்தால் அடுத்த பேரும் போச்சு.

இதற்குத்தான் 2019 இல் மாவட்டத்தின் ஐந்து பிரிவுகளைப் பத்தாக்க முடிவெடுத்தார்கள். நோர்வூட், தலவாக்கலை, கொத்மலை மேற்கு, நில்தண்டாஹின்ன, மத்துரட்ட என்று புதியவற்றின் பெயர்களும் வந்தன. காலி மாவட்டத்துக்குச் சொன்ன புதிய பிரிவுகள் முழுச் செயலகங்களாக எழும்பின. நம்ம பக்கம் முதலில் திறந்தது உப செயலகம். கதவு இருந்தது, மேசை இருந்தது, முழு அதிகாரம் இருக்கவில்லை.

ஏன் என்று கேட்டால், செயலகங்களைப் பார்க்கிற கொழும்பு உள்நாட்டலுவல்கள் அமைச்சைப் பார்க்க வேண்டும்; ஒற்றை நட்சத்திரம் அதற்குத்தான். முடிவெடுப்பதற்கு முந்திய வருடத்திலிருந்தே பாருங்கள். 2018 ஒக்டோபர் 26 இல் ரணில் பிரதமராக இருக்க மஹிந்தவும் பிரதமராக வந்தார். டிசம்பர் 3 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்த அமைச்சரவைக்குத் தடை போட்டது. 20 ஆம் திகதி புதிய அமைச்சரவை பதவியேற்கும் வரை உள்நாட்டலுவல்களுக்கு அமைச்சரே இல்லை. அந்த நாட்களிலும் என் கடையில் போட்டோகொப்பி மெஷின் ஓய்ந்ததில்லை; உள்ளே சான்றிதழ் அடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். அமைச்சர் இல்லாமல் அன்றாட வேலை ஓடும். புதிய செயலகம் ஓடாது. அதற்கு மேலிருந்து ஆளணி, பணம், கையெழுத்து எல்லாம் வர வேண்டும்.

அதன் பிறகு அந்த அமைச்சில் வஜிர அபேவர்தன போனார், ஜனக பண்டார தென்னகோன் வந்தார், 2022 இல் தினேஷ் குணவர்தன வந்தார். 2024 நவம்பரில் சந்தன அபேரத்ன பொறுப்பேற்றபோது அமைச்சின் பெயரிலிருந்தே உள்நாட்டலுவல்கள் காணாமல் போயிருந்தது. ஒவ்வொருவரும் கோப்பை முதல் பக்கத்திலிருந்து புரட்டினால் எப்போது முடியும்?

நம்ம மலையகத் தமிழ்க் கட்சிகளையும் விட்டுவிட முடியாது. 2018 இல் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் மஹிந்த பக்கம், தமிழ் முற்போக்குக் கூட்டணி ரணில் பக்கம். இரண்டு பக்கமும் ஆள் இருந்தால் எப்படியும் காரியம் நடக்கும் என்று நினைத்தோம். நடந்தது, யார் கேட்டு வாங்கிய செயலகம் என்ற சண்டை.

போகிறவர்களுக்கு: அடையாள அட்டை விண்ணப்பத்தைத் தோட்டத்துரையிடமோ கிராம சேவகரிடமோ உறுதிப்படுத்திக்கொண்டு வாருங்கள். படத்தை, ஆட்பதிவுத் திணைக்களத்தில் பதிவு பெற்ற ஸ்டூடியோவில்தான் எடுக்க வேண்டும். அப்பா, அம்மா இருவரின் பிறப்புச் சான்றிதழும் கையில் இருந்தால் நல்லது. எட்டரைக்கு முன் வந்துவிடுங்கள். நான் எட்டுக்கே கடை திறந்துவிடுவேன்.