கடற்காற்றில் கார்பன் சக்கரம்: 14,000 கிலோமீட்டருக்குப் பிறகு

என் சைக்கிளுக்குக் கார்பன் இழைச் சக்கரம் மாட்டி இந்த மாதத்தோடு இரண்டு வருடம் மூன்று மாதம் ஆகிறது. ஓடியது 14,000 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். முதல் வாரமே எழுத உட்கார்ந்திருந்தால் "பறக்குது" என்று ஒரே சொல்லில் முடித்திருப்பேன். சிங்கப்பூரில் ஒரு சக்கரம் எப்படிப்பட்டது என்று தெரிய, அது இரண்டு மழைக்காலமாவது பார்த்திருக்க வேண்டும்.

என் வண்டி அலுமினிய ஃபிரேம், ஷிமானோ 105 கியர், டிஸ்க் பிரேக். அதோடு வந்த அலுமினியச் சக்கரங்கள் ஜோடி 1,880 கிராம். ரிம்மின், அதாவது டயர் உட்காரும் வெளி வளையத்தின், உள் அகலம் 17 மி.மீ. இப்போது இருப்பது 45 மி.மீ. ஆழமான ரிம், 21 மி.மீ. உள் அகலம், ஜோடி 1,430 கிராம். 1,350 சிங்கப்பூர் வெள்ளி கொடுத்தேன்.

எல்லோரும் முதலில் கேட்பது எடையைத்தான். 450 கிராம் குறைந்தது உண்மை. ஆனால் நான், வண்டி, தண்ணீர் போத்தல் எல்லாம் சேர்த்து 84 கிலோ. அதில் 450 கிராம் என்பது அரை சதவிகிதம். மவுண்ட் பேபர் குன்றில் ஏற எனக்கு ஏறக்குறைய நாலு நிமிடம் பிடிக்கும். அரை சதவிகிதம் என்றால் ஒரு நொடி, ஒன்றேகால் நொடி. இந்தத் தீவிலேயே உயரமான புக்கிட் தீமா குன்றே 163 மீட்டர்தான். இங்கே எடைக்காகக் கார்பன் வாங்குவதில் அர்த்தமில்லை என்று உறுதியாகச் சொல்வேன்.

காற்று வேறு விஷயம். ஆழமான ரிம் காற்றுத்தடையைக் கொஞ்சம் குறைக்கும். சமதளத்தில் 35 கி.மீ. வேகத்தில் போகும்போது நம் உழைப்பில் பெரும்பங்கு காற்றைக் கிழிப்பதற்கே போகிறது. வேகம் கூடக் கூட அதற்குத் தேவையான சக்தி மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். அதனால் காற்றுத்தடையில் மூன்று சதவிகிதம் குறைந்தாலும் கிடைப்பது ஒரு சதவிகித வேகம்தான். மிதிக்கும் சக்தியை அளக்கும் என் பவர் மீட்டர் பதிவுகளில் அதே வாட்டுக்குப் பழைய சக்கரத்தையும் புதியதையும் வைத்துப் பார்த்தேன். காற்றில்லாத விடியற்காலைகளில் மணிக்கு 0.3, 0.4 கி.மீ. கூடியிருக்கிறது, அவ்வளவுதான். காற்றுள்ள நாளில் இந்த வித்தியாசம் காற்றோடு காற்றாகப் போய்விடும். ஆனாலும் அந்தக் கொஞ்சம் எனக்கு உதவுகிறது. 2022 ஜனவரி 1 முதல் ஒற்றை வரிசையில் போனால் 5 பேருக்கு மேல் கூடாது என்ற விதி வந்துவிட்டது. ஐந்தே பேர் என்றால் அடிக்கடி நம் முறை வந்துவிடும். முன்னால் போய்க் காற்றை வாங்கித்தான் ஆக வேண்டும்.

உடம்புக்கு உடனே தெரிந்த மாற்றம் டயரில்தான். அதே 28 மி.மீ. டயர் அகலமான ரிம்மில் உட்கார்ந்ததும் 29.5 மி.மீ. ஆக விரிந்தது. டயரின் காற்றழுத்தத்தை 80 பிஎஸ்ஐயிலிருந்து 66க்கு இறக்கினேன். லிம் சூ காங் சாலையின் சொரசொரப்பு கைக்கு வந்து சேர்வது பாதியாகக் குறைந்தது. நூறு கிலோமீட்டர் முடித்து இறங்கும்போது தோள்பட்டை இறுகியிருப்பதில்லை. உண்மையில் இந்தச் சுகத்தை அகலமான அலுமினிய ரிம்மும் தந்திருக்கும். கையில் 400, 500 வெள்ளிதான் இருக்கிறது என்றால் அதையே வாங்குங்கள். நான், டயரைப் பிடித்துக்கொள்ளும் கொக்கி விளிம்புள்ள ரிம்மாகத் தேடி வாங்கினேன். கொக்கியில்லாத ரிம்மில் 72.5 பிஎஸ்ஐக்கு மேல் காற்று அடிக்கக்கூடாது, எல்லா டயரும் அதற்குப் பொருந்தாது.

ஆழமான ரிம்மைப் பக்கக்காற்று தள்ளும், அதற்குப் பழகச் சில வாரம் எடுத்தது. தானா மேரா கோஸ்ட் ரோட்டில் கனரக லாரிகள் அதிகம். டிசம்பர், ஜனவரியில் வாடைக்காற்று பிடிக்கும்போது, வலப்புறம் ஒரு லாரி கடந்தால் முன்சக்கரம் முதலில் இடப்பக்கம் தள்ளும், லாரி போனதும் வலப்பக்கம் இழுக்கும். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தால் இன்னும் மோசம். முழங்கையைத் தளர்த்தி, கால் மிதிப்பதை நிறுத்தாமல் இருந்தால் தானாகவே நேராகிவிடும். எடை குறைந்தவர்கள் முன்பக்கம் 35 மி.மீ. ஆழத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இனி, கடை எதிலும் யாரும் எனக்குச் சொல்லாத விஷயம்.

பதினேழாவது மாதம். சாங்கியிலிருந்து திரும்பி வரும்போது பின்சக்கரத்தில் "டிங்" என்று ஒரு சத்தம். இறங்கிச் சுற்றிப் பார்த்தால் ஒரு போக்ஸ் கம்பி தொளதொளவென்று ஆடுகிறது, ரிம் கோட்டம் விழுந்திருக்கிறது. டிஸ்க் பிரேக் என்பதால் கோணிய ரிம் பிரேக்கில் உரசவில்லை, மெதுவாக உருட்டி வீடு சேர்ந்தேன். கம்பி அறுந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். எங்கள் பக்கத்துப் புளோக்குக்குக் கீழே கடை வைத்திருக்கும் சீன அங்கிள் டயரைக் கழற்றி, ரிம் டேப்பை உரித்து, சக்கரத்தைக் கவிழ்த்து ஒரு தட்டுத் தட்டினார். கம்பியை ரிம்மோடு முடுக்கிப் பிடிக்கும் சின்ன மரையான அலுமினிய நிப்பிளின் தலை என் உள்ளங்கையில் வந்து விழுந்தது. சுற்றிலும் உப்புப் பூத்ததுபோல் வெள்ளைப் பொடி. விரலால் அழுத்தினேன், சுண்ணாம்புபோல் உதிர்ந்தது. கம்பிக்கு ஒரு கீறல்கூட இல்லை. அடுத்த நிப்பிளில் சாவி போட்டுத் திருப்பினார், அதுவும் உடைந்தது. மூன்றாவதைத் தொட வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன்.

காரணம் இதுதான். கார்பன் மின்சாரம் கடத்தும். அதை ஒட்டி அலுமினியம் இருந்து, இடையில் உப்புத் தண்ணீர் புகுந்தால் அலுமினியம் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கப்படும். கடற்கரைச் சாலை, மழை, மேலிருந்து சொட்டும் வியர்வை, ஏர்கான் இல்லாத புளோக் தாழ்வாரத்தில் இரவெல்லாம் நிற்பது என்று அரிப்புக்கு வேண்டிய எல்லாமே இங்கே இருக்கின்றன. இரண்டு சக்கரத்திலும் 48 நிப்பிளையும் பித்தளைக்கு மாற்றி, கோட்டம் எடுத்துக் கொடுத்தார், 160 வெள்ளி. கூடிய எடை மொத்தமே 30 கிராம். அந்த முப்பது கிராமை மிச்சப்படுத்தத்தான் அலுமினியம் போட்டு விற்கிறார்கள் என்பதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. விற்பவரிடம் முதல் கேள்வியாக "நிப்பிள் பித்தளையா?" என்று கேளுங்கள்.

உள்ளே ட்யூப் இல்லாத ட்யூப்லெஸ் டயர் பற்றி. 30 பாகைக்கு மேலே போகும் இந்த வெக்கையில் ஓட்டையை அடைக்க உள்ளே ஊற்றும் சீலன்ட் திரவம் இரண்டு, மூன்று மாதத்தில் காய்ந்துவிடும். நான் நாலு மாதம் பார்க்காமல் விட்டேன். லிம் சூ காங்கில் ஒரு சின்னக் கண்ணாடிச் சில்லு குத்தியது. உள்ளே சீலன்ட் ரப்பர் தோலாக ஒட்டிக்கிடந்ததால் ஓட்டை அடையவே இல்லை. சரி, ட்யூப் போடலாம் என்று எடுத்தால், பையில் இருந்தது பழைய சக்கரத்தோடு வாங்கிய 48 மி.மீ. வால்வு ட்யூப். 45 மி.மீ. ரிம்மில் அது நுனி மட்டும் எட்டிப் பார்த்தது, பம்ப் பிடிக்கவில்லை. அந்த வழியாக வந்த ஒருவர் வண்டியை நிறுத்தினார்.

"என்ன தம்பி, வால்வு எட்டலையா?"

"ஆமாண்ணே, பழைய ட்யூப எடுத்துட்டு வந்துட்டேன்."

"இந்தாங்க, இது 80. அடிச்சுக்குங்க. அடுத்த வாரம் இந்தப் பக்கம்தான் வருவேன், பார்க்கும்போது குடுங்க."

டயர் கழற்ற அவரிடம் பிளாஸ்டிக் நெம்புகோலும் இருந்தது. கார்பன் ரிம்மில் இரும்பை வைத்து நெம்பினால் விளிம்பு கீறிவிடும். இப்போது என் பையில் நீள வால்வுள்ள டிபியு (மெல்லிய பிளாஸ்டிக்) ட்யூப் இரண்டு எப்போதும் உண்டு. எட்டு வாரத்துக்கு ஒருமுறை சீலன்ட் ஊற்றுகிறேன்.

மற்றவை சின்ன விஷயங்கள். சக்கரம் மாற்றிய அன்று டிஸ்க் லேசாக உரசியது. டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பரைத் தளர்த்தி, பிரேக்கைப் பிடித்தபடி மறுபடி முடுக்கினால் சரியாகிவிடும். பின்சக்கரத்தில் கியர் பற்கள் மாட்டும் ஃப்ரீஹப்பை 3,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை திறந்து துடைத்து கிரீஸ் வைக்கிறேன், பெருமழையில் மாட்டினால் அந்த வாரமே. முதல் 300 கிலோமீட்டர் ஓடியதும் கம்பிகளின் இறுக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பித்தளை போட்டு இப்போது பத்து மாதம். போன ஞாயிறு ரிம் டேப்பை உரித்து நானே பார்த்தேன். வெள்ளைப் பொடி இல்லை. சாவி எல்லா நிப்பிளிலும் சுலபமாகத் திரும்புகிறது. பழைய அலுமினியச் சக்கரங்களை என் தங்கை மகன் மாட்டிக்கொண்டிருக்கிறான். ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் என் பின்னாலேயே விடாமல் வருகிறான்.