குட்டியைத் தருவதற்கு முன் கேள்வி கேட்கும் காப்பகம்

கைவிடப்பட்ட நாய்க்குட்டிகளை மீட்டுத் தத்துக் கொடுக்கும் இடங்கள் சென்னையில் பல உண்டு. 1959இல் கேப்டன் வி. சுந்தரம் தொடங்கிய புளூ கிராஸை எல்லோரும் அறிவார்கள். அதைத் தவிர, தன்னார்வலர்கள் சிலர் சேர்ந்து வாடகை மனையில் நடத்தும் சிறு காப்பகங்களும் இயங்குகின்றன. எங்கள் வீட்டு நாட்டுக்குட்டி அப்படியொரு காப்பகத்திலிருந்து வந்தது. குறைகளும் எழுத வேண்டியிருப்பதால் பெயரைத் தவிர்க்கிறேன்.

இங்கே கேட்டவுடன் குட்டியைத் தூக்கிக் கொடுத்துவிடுவதில்லை. வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா, பகலில் யார் உடனிருப்பார், வேலை மாற்றலானால் நாயை என்ன செய்வீர்கள், குழந்தை பிறந்தால் என்ன செய்வீர்கள் என்று படிவம் நீள்கிறது. சம்பந்தம் பேசும்போதுகூட இவ்வளவு விசாரிக்க மாட்டார்களே என்று என் மாமியார் முணுமுணுத்தார். வீடு பார்க்க வந்த தன்னார்வலர் கூடத்தில் உட்காரக்கூட இல்லை. நேரே பால்கனிக்குப் போய்க் கம்பிகளுக்கிடையே தன் முஷ்டியை நுழைத்துப் பார்த்தார், அது தாராளமாக நுழைந்ததும் வலை அடித்த பிறகுதான் குட்டி என்று சொல்லிவிட்டார். பலருக்கு இது அவமானமாகப் படலாம். என் கணிப்பில் இந்தச் சேவையின் தலையாய சிறப்பே இந்தக் கெடுபிடிதான். நாட்டு நாய் நன்றாகப் பராமரித்தால் 12, 13 ஆண்டுகள் வாழும். வளர்ப்பு விலங்கை நியாயமான காரணமின்றிக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதும் படிவத்தின் அடியிலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. உரிய வயதில் கருத்தடை அறுவை செய்வதாகவும் எழுதி வாங்கிக்கொள்கிறார்கள். தங்களிடம் வந்து சேர்பவற்றில் பெட்டைக் குட்டிகளே மிகுதி என்று அவர்கள் சொன்னபோது, அந்த நிபந்தனைக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

ஆனால் கேள்வி கேட்பதில் உள்ள கறார், கையில் கொடுத்தனுப்பும் தாள்களில் இல்லை. எங்களுக்குக் கிடைத்த தடுப்பூசி அட்டையில் தேதியும் ஒரு கிறுக்கல் கையெழுத்தும் இருந்தனவே தவிர, மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டும் சீட்டு இல்லை. எந்த மருந்து, எந்தத் தயாரிப்புத் தொகுதி (பேட்ச்) என்று தெரியாததால் எங்கள் கால்நடை மருத்துவர் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாமல் முதலிலிருந்து தொடங்கினார். இது சின்ன விஷயமன்று. குட்டிகளின் குடலைத் தாக்கும் பார்வோ என்ற வைரஸ் தொற்றினால் ஓரிரு நாள் வாந்தியிலும் இரத்தக் கழிச்சலிலுமே குட்டி போய்விடக்கூடும். ஆகவே 6 முதல் 8 வார வயதில் தொடங்கி, 16 வாரம் ஆகும்வரை மூன்று நான்கு வார இடைவெளியில் ஊசி தொடர வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி மூன்றாம் மாதத்தில். அந்தச் சான்று இல்லாமல் மாநகராட்சியின் வளர்ப்பு நாய் உரிமமும் கிடைக்காது.

உணவு பற்றியும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாம். அங்கே பாலும் ரொட்டியும் கொடுத்துப் பழக்கியிருந்தார்கள்; பசும்பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை பல குட்டிகளுக்குச் செரிப்பதில்லை, எங்களுடையதற்கும் செரிக்கவில்லை. உப்பு, மசாலா, வெங்காயம் எதுவும் சேர்க்காமல் குழைய வடித்த சோறும் வேகவைத்த கோழியும் கொடுத்த பிறகே வயிற்றுப்போக்கு நின்றது.

வாசல் பலகையில் ‘தத்தெடுப்பு முற்றிலும் இலவசம்’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருப்பதும் எனக்கு ஒப்புதலில்லை. கட்டணம் வாங்காதது உண்மைதான். ஆனால் ஊசி, பூச்சி மருந்து, உண்ணி மருந்து, அறுவை, வெளியூர் போனால் விட்டுச்செல்லும் இடத்துக்கான வாடகை என்று செலவு வரிசையில் நிற்கிறது. அதைப் பலகையிலேயே போட்டுவிட்டால், பாதியில் திருப்பிக் கொடுக்க வருபவர்கள் குறைவார்கள். பின்தொடர் விசாரிப்பு பரவாயில்லை: வாட்ஸ்அப்பில் படம் கேட்கிறார்கள், ஆனால் இரவில் தொலைபேசியை எடுப்பதில்லை.

இத்தனைக்கும் பிறகு, வளர்க்கத் துணிந்தவர்களுக்கு இந்தக் காப்பகத்தைப் பரிந்துரைக்கவே செய்வேன். போவதற்கு முன் கால்நடை மருத்துவர் ஒருவரைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வாடகை வீட்டில் இருப்பவர்கள் உரிமையாளரின் சம்மதக் கடிதத்தையும் கையோடு எடுத்துச் சென்றால் ஒரு நடை மிச்சம்.