எட் எடிட்டரின் வரலாற்றை மீட்க எது உதவும்: காகிதமா, எமுலேட்டரா, மறுகம்பைலா?

எட் என்பது யூனிக்ஸ் இயங்குதளத்தின் பழைய டெக்ஸ்ட் எடிட்டர். இன்றைய லினக்ஸில் கிடைக்கும் குனு எட், அந்தப் பழைய எட் எடிட்டரின் பெயரையும் கட்டளைகளையும் எடுத்துக்கொண்டு புதிதாக எழுதப்பட்டது. கென் தாம்சன் 1969இல் பெல் ஆய்வகத்தின் பிடிபி-7 கணினிக்கு எழுதிய நிரல்கோடு அதில் இல்லை. ஆகவே ஒரு கட்டளை எப்போது வந்தது, ஏன் அப்படி நடந்துகொண்டது என்று தேடுபவருக்கு குனு எட் சாட்சி ஆகாது. பெர்க்லியின் க்யூஇடியில் தொடங்கி எட், எம், எக்ஸ், விஐ என்று நீளும் எடிட்டர்களின் கிளைவழியைப் பிடிக்க மூன்று பாதைகள் உள்ளன: பழைய பிரிண்ட் அவுட்டைப் படித்து மீட்பது, டிஸ்க் அல்லது டேப் பிம்பத்தை (முழு நகலை), பழைய கணினியைப் போலிசெய்யும் மென்பொருளான எமுலேட்டரில் ஓட்டுவது, பழைய சோர்ஸை (நிரலர் எழுதிய மூல வரிகளை) இன்றைய கணினியில் கம்பைல் செய்வது. பலரும் மூன்றாவதில் தொடங்குகிறார்கள், அதுதான் கையருகே இருப்பது என்பதால். மூன்றில் குறைவாக நம்பத்தக்கதும் அதுவே.

காகிதம்

மிகப் பழைய அடுக்கைத் தொட வேண்டுமென்றால் காகிதத்தை விட்டால் வேறு வழியில்லை. பிடிபி-7 யூனிக்ஸ் அச்சுப்பிரதியாகத்தான் தப்பியது. வாரன் டூமியும் யூனிக்ஸ் ஹெரிடேஜ் சொசைட்டியைச் சேர்ந்தவர்களும் 2016இல் அதன் ஸ்கேன்களைக் கொண்டு அதை மறுபடி ஓடவைத்தார்கள். எட் எடிட்டரின் அசெம்பிளி (இயந்திர மொழிக்கு நெருக்கமான மொழி) சோர்ஸ் அதில் இருந்தது. கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல் இல்லாததால் அதை மீட்டவர்களே எழுதிக்கொள்ள நேர்ந்தது. 18 பிட் சொல் (நினைவகத்தின் ஓர் அலகு) கொண்ட அந்த இயந்திரத்துக்குப் புதிதாக ஒரு அசெம்பிளரும் செய்யவேண்டியிருந்தது. முதல் பதிப்பு யூனிக்ஸின் கெர்னலும் (இயங்குதளத்தின் மையப்பகுதி) இப்படித்தான் வந்தது. 1972 ஜூன் தேதியிட்ட ஆவணத்திலிருந்த சோர்ஸைப் படித்து 2008இல் உயிர்ப்பித்தார்கள்.

இங்கே ஒரு கண்ணி உண்டு. அந்த மீட்பில் கெர்னல் காகிதத்திலிருந்து வந்தது. பயன்பாட்டு நிரல்களோ தனியாகத் தப்பிய டேப்புகளிலிருந்து வந்தவை, முதல், இரண்டாம் பதிப்புக் காலத்தவை கலந்து கிடப்பவை. அங்கே ஓடும் எட் முதல் பதிப்பின் எட்தான் என்று கெர்னலைக் காட்டி வாதிட முடியாது. மீட்கப்பட்ட எந்தத் தொகுப்பை எடுத்தாலும் எந்தத் துண்டு எங்கிருந்து வந்தது என்று முதலில் பிரித்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கேன் செய்யும்போது கறுப்பு-வெள்ளையாகச் சுருக்காமல் சாம்பல் நிறத்தில், குறைந்தது 400 டிபிஐ வைத்து எடுங்கள். மங்கிய ரிப்பனில் அச்சான புள்ளிகள் கறுப்பு-வெள்ளையில் காணாமல் போகும், இந்த வேலையில் புள்ளிதான் உயிர். பிடிபி-7க்குப் பிறகு யூனிக்ஸ் ஓடிய பிடிபி-11 கணினியின் அசெம்பிளர் எண்களை எண்மக் கணக்கில்தான் (எட்டை அடிப்படையாகக் கொண்டு) படிக்கும். பின்னால் புள்ளி வைத்தால் மட்டும் தசமம். "512." என்றால் 512. படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் ஓசிஆர் மென்பொருள் அந்தப் புள்ளியை விழுங்கிவிட்டால் அதே "512" தசமத்தில் 330 ஆகிவிடும். அசெம்பிளர் முணுமுணுக்காமல் ஏற்றுக்கொள்ளும். டிஸ்க் பிளாக்கின் அளவு தவறி, நிரல் எங்கோ தொலைவில் போய் விழும். இதைத் தலைகீழாகவும் பயன்படுத்தலாம்: புள்ளியில்லாத எண்ணில் 8 அல்லது 9 தென்பட்டால் ஓசிஆர் பிழை என்று சந்தேகியுங்கள், அது 3, 0 அல்லது 6 ஆக இருக்கலாம், அல்லது புள்ளி விடுபட்டிருக்கலாம். அசெம்பிள் ஆன எண்மக் குறியீடும் பக்கத்திலேயே அச்சான பிரதி கிடைத்தால் அதிர்ஷ்டம். மீட்ட சோர்ஸை அசெம்பிள் செய்து, வரிக்கு வரி எண்களை ஒப்பிட்டுவிடலாம். அது இல்லாதபோது இருவர் தனித்தனியாகத் தட்டச்சு செய்து இரண்டையும் ஒப்பிடுவதே பாதுகாப்பு. ஒருவரே இரண்டு முறை தட்டினால் அதே பிழை இரண்டு முறை வரும்.

எமுலேட்டர்

யூனிக்ஸின் ஆறாம், ஏழாம் பதிப்புகளின் பிம்பங்கள் கிடைக்கின்றன. 2002 ஜனவரியில் கால்டெரா நிறுவனம் பழைய யூனிக்ஸ் பதிப்புகளைத் தளர்வான உரிமத்தில் விட்டதால் சட்டச் சிக்கலும் இல்லை. ஆறாம் பதிப்புக்கு, சிம்ஹெச் எமுலேட்டரில் சிபியுவை 11/40 (பிடிபி-11 வகை) என்று அமைத்து, ஆர்கே05 டிஸ்க் பிம்பத்தை முதல் டிரைவில் இணைத்து, பூட் கொடுத்தால் @ குறி வரும். அங்கே சிறிய எழுத்தில் யூனிக்ஸ் என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். பூட் ஆகாவிட்டால் கோப்பின் அளவைப் பாருங்கள். முழு ஆர்கே05 என்றால் 203 சிலிண்டர், 2 பக்கம், 12 செக்டர், செக்டருக்கு 512 பைட்: மொத்தம் 24,94,464 பைட். அதைவிடக் குறைந்தால், கோப்பு முறைமைப் பகுதி மட்டும் வெட்டி எடுக்கப்பட்டதா, இறக்கும்போது அறுந்ததா என்று பாருங்கள்.

உள்ளே போனதும் பலரும் தடுக்கி விழுவது # குறியில். அன்றைய யூனிக்ஸில் # என்றால் முந்தைய எழுத்தை அழி, @ என்றால் வரியையே அழி. சி நிரலை எட் உள்ளே ஒட்டினால் # தொடங்கும் வரிகள் சிதையும். முன்னால் பின்சாய்கோடு போடுங்கள், அல்லது எஸ்டிடிஒய் கட்டளையால் அழிப்புக் குறியை மாற்றுங்கள். அடுத்தது, பெரிய துண்டை ஒரே மூச்சில் ஒட்டுவது. ஆறாம் பதிப்பின் டெர்மினல் டிரைவர் 256 எழுத்துக்குமேல் குவிந்தால் மிச்சத்தை மட்டும் விடாது, குவிந்த எல்லாவற்றையும் கொட்டிவிடும். திரையில் ஒன்றும் சொல்லாது. பாதி நிரல் மாயமானதற்கு எமுலேட்டரைக் குறைசொல்லிப் பயனில்லை, சில வரிகளாக ஒட்டுங்கள். தமிழ்க் கோப்பைத் திறந்து பார்க்கும் ஆசை வந்தால், எட் ? என்று மட்டும் சொல்லும். யுடிஎஃப்-8 தமிழில் ஒவ்வொரு பைட்டிலும் எட்டாவது பிட் 1 ஆக இருக்கும், 7 பிட்டுக்கு எழுதிய எட் அதைப் பிழையாகவே எடுக்கும்.

இத்தனை தொல்லைக்கும் கிடைக்கும் பலன் பெரிது. ஆறாம் பதிப்பில் சேமிக்காமல் க்யூ கொடுத்தால் எட் சத்தமில்லாமல் வெளியேறிவிடும். ஏழாம் பதிப்பில் அதைக் கவனிக்கும் ஒரு மாறி சேர்ந்து, முதல் முறை ? காட்டி நிறுத்துகிறது. மாற்றீட்டைத் திரும்பப் பெறும் யூ கட்டளையும் ஆறில் இல்லை, ஏழில் உண்டு. இரண்டு பிம்பங்களையும் அடுத்தடுத்த ஜன்னலில் ஓட்டினால் பத்து நிமிட வேலை. கையேடுகளை மட்டும் புரட்டினால் யூ கிடைக்கும், க்யூவின் இந்த நுணுக்கம் எளிதில் நழுவிவிடும்.

பிம்பமே இல்லாமல் டேப் மட்டும் கையில் கிடைத்தால் ஒரு வார்த்தை: முதல் வாசிப்பே கடைசி வாசிப்பாகலாம். டிரைவில் போட்டு ஓட்டிப் பார்க்காதீர்கள். 2025இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் அகப்பட்ட நான்காம் பதிப்பு டேப்பை, ஹெட்டிலிருந்து வரும் அனலாக் சிக்னலை அப்படியே பதிவுசெய்து, பின்னர் மென்பொருளால் பிட்டுகளாக்கினார்கள். அப்படிச் செய்தால் ஒரு தடத்தில் பிழை இருந்தாலும் டேப்பை மறுபடி தொடாமல் கணக்கைத் திருத்தலாம். சிம்ஹெச் வடிவில் சேமிக்கும்போது ஒவ்வொரு பதிவுக்கு முன்னும் பின்னும் 4 பைட் நீள எண் இருக்கவேண்டும். வெறும் தரவை ஒட்டிவைத்தால் பிளாக் எல்லைகள் போய்விடும், பிறகு மீட்க முடியாது.

தேதிகளை நம்பும் முன் நேரக் கணக்கையும் பாருங்கள். தொடக்கப் பதிப்புகளில் நேரம் 1971 ஜனவரி 1லிருந்து நொடியின் 60இல் ஒரு பங்காக எண்ணப்பட்டது. 32 பிட்டில் அது சுமார் 828 நாளில் நிரம்பிவிடும். பிறகுதான் நொடி, 1970 என்ற கணக்கு வந்தது. இன்றைய கருவியில் பழைய எண்ணைப் போட்டால் கோப்பின் வயது கண்டபடி வரும்.

மறுகம்பைல்

எட் சி மொழிக்கு மாறிய பிறகான சோர்ஸை இன்றைய கம்பைலருக்குக் கொடுத்தால் முதலில் திட்டுமழை. மாறிக்குத் தொடக்க மதிப்பைச் சமக்குறி இல்லாமலே கொடுப்பது அன்றைய வழக்கம். அந்தப் பிழைகள் நல்லவை, கண்ணில் படும். ஆபத்து =- குறியில். அன்று அது "கழித்து வை" என்று பொருள். இன்றைய கம்பைலர் அதை "எதிர்மதிப்பை வை" என்று படித்து, சுமுகமாகக் கம்பைல் செய்துவிடும். =+ குறியும் அப்படியே. =& மட்டும் பெரும்பாலும் பிழையாக வெளிப்பட்டுவிடும். எனவே கம்பைலரிடம் போகுமுன்னரே இந்தக் குறிகளைத் தேடிப் பிடித்துக் கையால் திருப்புங்கள்.

ஓடத் தொடங்கிய பின்னரும் அது பழைய எட் அல்ல. ஒவ்வொரு வரிக்கும் நினைவகத்தில் ஒரு சொல் என்பது பழைய கணக்கு, வரிகளின் எண்ணிக்கைக்கு இயந்திரமே எல்லை போட்டது. கையேடு சொல்லும் வரம்புகளில் வரிக்கு 512 எழுத்தும் தற்காலிகக் கோப்புக்கு 128K எழுத்தும் கோடிலேயே இருப்பதால் தங்கும். நினைவக எல்லை மட்டும் மறைந்துவிடும். பிடிபி-11இல் எங்கே மூச்சு முட்டியது என்று கேட்டால் மறுகம்பைல் பதில் சொல்லாது. விஐ விஷயத்தில் இது இன்னும் மோசம். கன்னர் ரிட்டரின் எக்ஸ்-விஐ, பெர்க்லியின் யூனிக்ஸ் வகையான 2.11 பிஎஸ்டியின் உண்மையான சோர்ஸிலிருந்து வந்ததுதான், ஆனால் பல பைட் எழுத்துகளுக்காகத் திருத்தப்பட்டது. அதில் கண்ட நடத்தையை, விஐயை எழுதிய பில் ஜாய் மேல் ஏற்றக்கூடாது. ஆனால் சோர்ஸின் உள்கட்டைப் புரிந்துகொள்ள, டிபக்கர் வைத்து அடியடியாக நடக்க, இதைவிட வசதி வேறில்லை. அதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எமுலேட்டரும் ஓர் இடத்தில் ஏமாற்றும்: வேகம். லண்டன் குயின் மேரி கல்லூரியில் ஜார்ஜ் கூலூரிஸ் எட் மேல் கட்டிய எம், 1976இல் பெர்க்லியில் ஜாய், சக் ஹேலி கண்ணில் பட்டு எக்ஸ் ஆனது. எக்ஸிலிருந்து விஐ வந்தது. ஜாய் வீட்டிலிருந்து 300 பாட் மோடம் வழியே வேலை செய்தவர். நொடிக்கு 30 எழுத்து, 80க்கு 24 திரை நிரம்ப 64 நொடி. கட்டளைகள் ஏன் ஓரெழுத்தாக இருக்கின்றன, திரையை ஏன் சிக்கனமாகத் தீட்டுகிறது என்பதெல்லாம் அந்த 64 நொடிக்குள் இருக்கிறது. நவீன கணினியில் சிம்ஹெச் அதைக் கண் சிமிட்டும் நேரத்தில் காட்டிவிடும். விஐயில் ஹெச், ஜே, கே, எல் விசைகளால் கர்சரை நகர்த்துவதற்கும் கோடில் விடை இல்லை. ஜாய் பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ டெர்மினலின் அந்த நான்கு விசைகளில் அம்புக்குறி அச்சாகியிருந்தது, எஸ்கேப் விசை இன்றைய டாப் (Tab) விசை இருக்கும் இடத்தில் இருந்தது. விசைப்பலகைப் படத்தை அருகில் ஒட்டிவைத்துக்கொண்டு, சிம்ஹெச் வெளியீட்டை நொடிக்கு 30 எழுத்தாக மட்டுப்படுத்தும் ஒரு சிறு நிரல் வழியாக விட்டு, 2 பிஎஸ்டியின் விஐயில் ஒரு பக்கம் திருத்திப் பாருங்கள்.